கோடு என்பது ஒரு பரப்பு: கேன்வாஸிலும் எஸ்விஜியிலும் வரையத் தொடங்குபவர்களுக்கு

மேலிருந்து பத்தாவது பிக்சலில், ஒரு பிக்சல் தடிமனில், கறுப்பு நிறத்தில் ஒரு கிடைக்கோடு வரையும்படி கேன்வாஸுக்கு, அதாவது இணையப் பக்கத்தில் நிரலால் படம் வரையும் பலகைக்கு, சொல்கிறீர்கள். நிரலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் திரையில் வந்து நிற்பது இரண்டு பிக்சல் தடிமனில் சாம்பல் நிறக் கோடு. வரைகலை நிரலாக்கத்துக்குள் வருகிற அநேகமாக எல்லோரும் முதல் வாரத்திலேயே இந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்து, எப்படியோ சரியானதும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தச் சாம்பல் கோடு ஏன் வந்தது என்பது புரிந்துவிட்டால், முனை, மூலை, இடைவெளிக் கோடு, எழுத்தின் விளிம்பு என்று பின்னால் வரும் எல்லாமே தாமாகப் பிடிபடும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கேன்வாஸ் நிரலில் அவற்றை ஆங்கிலத்தில் சேர்த்து எழுத வேண்டும். இரண்டாவது சொல் பெரிய எழுத்தில் தொடங்கும். எஸ்விஜி என்பது படத்தைக் கோடுகளாகவும் வளைவுகளாகவும் எழுத்தில் விவரிக்கும் வடிவம்; அதில் சொற்களுக்கு நடுவே பெரும்பாலும் சிறு கோடு வரும்.

முதல் படி: பாதை வேறு, கோடு வேறு

மூவ்டூ, லைன்டூ என்று நீங்கள் கொடுக்கும் புள்ளிகள் ஒரு பாதையை மட்டுமே உருவாக்குகின்றன. பாதைக்குத் தடிமன் கிடையாது, நிறம் கிடையாது. கணிதத்தில் படித்த கோட்டைப் போல அது வெறும் கருத்து. ஸ்ட்ரோக் என்ற கட்டளை வந்த பிறகுதான் கணினி அந்தப் பாதையின் மேல் ஒரு பேனாவை ஓட்டுகிறது. ஓட்டி முடித்ததும் கிடைப்பது நீளமும் அகலமும் உள்ள ஒரு பரப்பு. அந்தப் பரப்புக்குத்தான் வண்ணம் பூசப்படுகிறது.

இந்த முறை கேன்வாஸுக்கு மட்டும் உரியதும் இல்லை. அடோபி நிறுவனம் 1984இல் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற, அச்சுப் பக்கங்களை விவரிக்கும் மொழியிலேயே பாதை, கோட்டுத் தடிமன், முனை, மூட்டு, இடைவெளி எல்லாம் இதே பிரிவுகளாக இருந்தன. பிடிஎஃப், 2001இல் தரநிலையாக ஏற்கப்பட்ட எஸ்விஜி, 2004இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய கேன்வாஸ் ஆகியவை அதே வழியில் நடக்கின்றன. ஒன்றை ஒழுங்காகக் கற்றால் மற்றவற்றில் பெயர்களும் தொடக்க மதிப்புகளும் மட்டுமே மாறும்.

ஒரு பழக்கத்தை இன்றே கைக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புதிய உருவத்துக்கும் முன்னால் பிகின்பாத் எழுதுங்கள். எழுதாவிட்டால் பழைய பாதை அழியாமல் கிடக்கும். அடுத்த ஸ்ட்ரோக் பழைய கோடுகளையும் சேர்த்து மறுபடி வரையும். அசைவுப் படத்தில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கோடுகள் கனத்துக்கொண்டே போய், நிரலும் மெதுவாகிக்கொண்டே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாம் படி: தடிமன் எங்கே போய் விழுகிறது

தடிமனைத் தருவது லைன்விட்த். பேனா பாதையின் நடுவில் ஓடுகிறது என்பதை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். தடிமன் 10 என்றால் பாதைக்கு இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 5. ஆரம் 50 உள்ள வட்டத்துக்கு 10 தடிமனில் விளிம்பு வரைந்தால், வெளிவிட்டம் 110 ஆகிவிடும். உள்ளே மிஞ்சும் வெற்றிடத்தின் விட்டம் 90. நூறு பிக்சல் அகலக் கேன்வாஸில் அந்த வட்டம் நான்கு பக்கமும் அறுபட்டுத் தெரியும். கேன்வாஸின் ஓரத்தை ஒட்டிச் செவ்வகச் சட்டம் வரைந்து, கேட்டதில் பாதித் தடிமன்தான் வந்திருக்கிறதே என்று திகைப்பவர்களுக்கும் விடை இதுவே. மறுபாதி கேன்வாஸுக்கு வெளியே விழுந்துவிட்டது.

இப்போது சாம்பல் கோட்டுக்கு வருவோம். கேன்வாஸின் ஆயங்கள் பிக்சல்களின் நடுப்புள்ளியைக் குறிப்பதில்லை. பிக்சல்களுக்கு இடையே உள்ள எல்லையைக் குறிக்கின்றன. சதுரக் கட்டத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். 10 என்பது ஒரு கட்டத்தின் பெயராக இல்லாமல், இரண்டு கட்டங்களுக்கு நடுவே அச்சிட்ட கோட்டின் பெயராக இருக்கிறது. அந்த எல்லையில் ஒரு பிக்சல் தடிமன் பேனாவை ஓட்டினால் 9.5 முதல் 10.5 வரை மை விழும். மேல் கட்டத்தில் பாதி, கீழ்க் கட்டத்தில் பாதி. அரைக் கட்டத்தைத் திரையால் கறுப்பாக்க முடியாது. ஆகவே இரண்டையும் முழுமையாக எடுத்துக்கொண்டு, பாதிக் கறுப்பாகப் பூசுகிறது.

தீர்வு எளிது. தடிமன் ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் பாதையை அரைப் பிக்சல் நகர்த்தி 10.5இல் வையுங்கள். இரட்டைப்படை எண்ணாக இருந்தால் முழு எண்ணிலேயே வையுங்கள். இது கிடைக்கோட்டுக்கும் செங்குத்துக்கோட்டுக்கும் மட்டுமே பொருந்தும். சாய்ந்த கோட்டில் எப்படி வைத்தாலும் ஓரங்களில் மென்மையாக்கம் நிகழ்ந்தே தீரும். அதைத் தடுக்க முயலாதீர்கள், படிக்கட்டு போன்ற விளிம்பைக் கண்ணுக்கு வழுவழுப்பாக்குவது அதுதான்.

கைபேசித் திரைகளில் இந்தக் கணக்கு மாறும். திரையின் பிக்சல் விகிதம் (ஒரு அலகு நீளத்துக்கு எத்தனை நிஜப் பிக்சல் என்பது) 2 என்றால், கேன்வாஸின் உள் அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்கி, தோற்ற அளவைப் பழையபடியே வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை இரண்டு மடங்கு அளவுமாற்றம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கியதுபோல் எல்லாக் கோடும் மங்கும். செய்தபின் உங்கள் ஒரு அலகு இரண்டு நிஜப் பிக்சல்களாகிவிடுவதால், முழு எண்ணில் வைத்த ஒரு அலகுக் கோடு அரைப் பிக்சல் நகர்த்தாமலே கூர்மையாக விழும். 1.5 போன்ற விகிதமுள்ள திரைகளும் உண்டு. அங்கே எல்லாக் கோடும் கூர்மையாக விழுவதற்கு உறுதி இல்லை.

தடிமனைப் பூஜ்யம் என்று வைத்தால் என்ன ஆகும்? கேன்வாஸ் அந்த மதிப்பை ஏற்காமல் பழைய தடிமனையே வைத்துக்கொள்ளும். எஸ்விஜி கோட்டையே வரையாது. ஆண்ட்ராய்டின் வரைகருவியான பெயின்ட், க்யூட்டி என்ற நிரல் நூலகத்தின் பேனா இரண்டிலும் பூஜ்யம் என்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு பிக்சலில் நிற்கும் மயிரிழைக் கோடு. போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் அந்தக் கருவியால் முடிந்த மிக மெல்லிய கோடு. திரையில் அழகாகத் தெரியும் அந்த மயிரிழை, உயர் நுணுக்க அச்சு இயந்திரத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு மெலிந்துவிடும். என் அக்காவின் புதுமனை புகுவிழா அழைப்பிதழுக்கு நான் வரைந்த ஓரக் கோலம் அச்சில் பாதி காணாமல் போனது இதனால்தான். அச்சுக்குப் போகும் கோட்டுக்குக் குறைந்தது 0.25 பாயிண்ட் தடிமனாவது எண்ணில் எழுதிக் கொடுங்கள்.

மூன்றாம் படி: முனைகள்

கோடு எங்கே முடிகிறது என்பதை லைன்கேப் தீர்மானிக்கிறது. பட் என்றால் பாதை முடியும் இடத்திலேயே நேராக வெட்டி நிறுத்தும். தொடக்க மதிப்பு அதுதான். ரவுண்ட் என்றால் முனையில் அரைவட்டம் சேரும். ஸ்கொயர் என்றால் அரைத் தடிமன் அளவுக்குச் சதுரமாக நீளும். பின் இரண்டிலும் கோடு நீங்கள் கொடுத்த அளவைவிட இரு பக்கமும் அரைத் தடிமன் கூடும். அளவுகோல், வரைபடம் போன்ற நீளம் துல்லியமாக இருக்க வேண்டியவற்றுக்குப் பட். கையால் வரைந்தது போன்ற கோடுகளுக்கு ரவுண்ட். ஸ்கொயருக்கு எனக்கு அதிகம் வேலை வந்ததில்லை.

படம் வரையக் கற்பதற்கான பிராசசிங் மொழியும் அதன் வழிவந்த பி5 நூலகமும் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. அங்கே ஸ்கொயர் என்பது நேராக வெட்டிய முனை, அதாவது கேன்வாஸின் பட். சதுரமாக நீளும் முனைக்கு அங்கே புராஜெக்ட் என்று பெயர். தொடக்க மதிப்பும் ரவுண்ட்தான். ஒரு நூலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நிரலை மாற்றும்போது கோடுகள் கொஞ்சம் நீண்டோ குறுகியோ வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

நான்காம் படி: மூலைகள் பொய் சொல்லும் இடம்

இரண்டு கோட்டுத் துண்டுகள் சேரும் மூலையை லைன்ஜாயின் கவனிக்கிறது. படச் சட்டத்தின் மூலையைத் தச்சர் இரு பக்கமும் சாய்வாக அறுத்துக் கூராகப் பொருத்துவாரே, அது மைட்டர். தொடக்க மதிப்பு இதுவே. மூலையை உருட்டிவிடுவது ரவுண்ட். கூரைச் சீவித் தட்டையாக்குவது பெவல்.

மைட்டரில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள், சில சமயம் பார்ப்பவர்களையும் ஏமாற்றிவிடுகிறார்கள். மூலை எவ்வளவு குறுகலோ அவ்வளவு நீளமாகக் கூர் வெளியே நீளும். கணக்கு இதுதான்: மூலைக் கோணத்தின் பாதிக்கு சைன் எடுத்து, ஒன்றை அதனால் வகுத்தால், உள்மூலையிலிருந்து வெளிக்கூர் வரை உள்ள நீளம் தடிமனைப்போல் எத்தனை மடங்கு என்று கிடைக்கும். 90 பாகைக்கு 1.41 மடங்கு. 60 பாகைக்கு 2 மடங்கு. 15 பாகைக்கு ஏறத்தாழ 7.7 மடங்கு.

மழைப்பொழிவு வரைபடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பல நாள் வறட்சி, ஒரே நாள் பெருமழை, மறுபடி வறட்சி. கோடு ஊசிபோல் ஏறி இறங்குகிறது; உச்சியில் கோணம் 15 பாகை, தடிமன் 4 பிக்சல். கூர்முனை உண்மையான தரவுப் புள்ளிக்கு மேலே ஏறத்தாழ 15 பிக்சல் நீண்டு நிற்கும். பெய்யாத மழையை வரைபடம் காட்டுகிறது! தரவைக் கோடாக வரைபவர்கள் லைன்ஜாயினை ரவுண்ட் என்று மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரவுண்டில் மிகை எப்போதும் அரைத் தடிமனைத் தாண்டாது.

கூர் அளவுமீறி நீளாமல் தடுக்க மைட்டர்லிமிட் இருக்கிறது. மேலே சொன்ன மடங்கு இந்த வரம்பைத் தாண்டினால் மைட்டர் கைவிடப்பட்டு, மூலை பெவலாகச் சீவப்படும். கேன்வாஸில் தொடக்க வரம்பு 10, ஏறத்தாழ 11.5 பாகைக்குக் கீழே மட்டுமே சீவும். எஸ்விஜியில் தொடக்க வரம்பு 4. 29 பாகைக்குக் கீழே போனாலே சீவிவிடும். ஒரே மழை வரைபடம் கேன்வாஸில் ஊசியாகவும் எஸ்விஜியில் மொட்டையாகவும் வருவதற்கு இந்த வேறுபாடே காரணம். ஐந்து முனை நட்சத்திரத்தின் முனைக் கோணம் 36 பாகை, மடங்கு 3.24. அது இரண்டிலும் கூராகவே வரும். கோணம் மாறிக்கொண்டே இருக்கும் அசைவுப் படங்களில் இன்னொரு தொல்லை: வரம்பைத் தாண்டும் நொடியில் நீண்ட கூர் சட்டென்று மறைந்து மொட்டையாகும். அங்கேயும் ரவுண்ட்தான் காப்பாற்றும்.

மூலையோடு சேர்ந்த சிறு செய்தி. சதுரம் வரையும்போது கடைசிக் கோட்டைத் தொடங்கிய புள்ளிக்கே லைன்டூ மூலம் கொண்டுவந்து முடித்தால், அந்த மூலையில் மட்டும் ஒரு சிறு பள்ளம் தெரியும். அங்கே இரண்டு முனைகள் தொட்டுக்கொள்கின்றனவே தவிர மூட்டு உருவாகவில்லை. குளோஸ்பாத் போட்டு மூடினால்தான் அந்த மூலையும் மற்ற மூன்றைப் போல் ஆகும்.

ஐந்தாம் படி: இடைவெளிக் கோடுகள்

செட்லைன்டேஷ் என்ற கட்டளைக்கு எண்களின் வரிசை ஒன்றைக் கொடுக்கிறோம். 10, 5 என்றால் பத்து அலகு கோடு, ஐந்து அலகு இடைவெளி. எண்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் வரிசை இருமுறை படிக்கப்படும்: 10, 5, 3 என்பது 10 கோடு, 5 இடைவெளி, 3 கோடு, 10 இடைவெளி, 5 கோடு, 3 இடைவெளி என்று ஆகும். வரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை லைன்டேஷ்ஆஃப்செட் நகர்த்தும்.

ஒவ்வொரு சிறு துண்டுக்கும் முனைகள் உண்டு என்பதை மறக்காதீர்கள். தடிமன் 6, முனை ரவுண்ட், இடைவெளி 5 என்றால், இரு பக்கத்து அரைவட்டங்களும் சேர்ந்து அந்த இடைவெளியை முழுங்கிவிடும். இடைவெளிக் கோடு கேட்டவருக்கு மணிகள் கோத்தது போன்ற தொடர்கோடு கிடைக்கும். ரவுண்ட் வேண்டுமானால் தடிமனை இடைவெளியோடு கூட்டியும் துண்டு நீளத்திலிருந்து கழித்தும் கொடுங்கள்.

வட்டத்தில் இடைவெளிக் கோடு வரைந்தால் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரும் இடத்தில் ஒரு துண்டு அரைகுறையாக நிற்கும். ஆரம் 50 என்றால் சுற்றளவு 314.16. 10, 5 என்ற வரிசை அதில் 20.94 முறை அடங்கும். எஸ்விஜியில் பாத்லெங்த் என்ற பண்பு இதைத் தீர்க்கிறது. இந்தப் பாதையின் நீளம் 315 என்று எழுதிவிடுங்கள். 315இல் 15 சரியாக 21 முறை அடங்கும். உலாவி மற்ற அளவுகளை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்ளும். கேன்வாஸில் இந்த வசதி இல்லை. சுற்றளவை 21ஆல் நீங்களே வகுத்துத் துண்டுகளின் அளவைத் தர வேண்டும்.

இடைவெளி அமைப்பு அடுத்த கோட்டுக்கும் தொடரும். வேலை முடிந்ததும் வெற்று வரிசை கொடுத்து நீக்குங்கள். அல்லது அமைப்புகளைச் சேமிக்கும் சேவ், அவற்றைப் பழையபடி மீட்கும் ரீஸ்டோர் இரண்டுக்கும் நடுவில் வரையுங்கள்.

ஆறாம் படி: விளிம்பு எதன் மேல் ஏறுகிறது

நிரப்பிய உருவத்துக்கு விளிம்பு வரையும்போது வரிசை முக்கியம். உருவத்தை நிரப்பும் ஃபில் முதலில், ஸ்ட்ரோக் பிறகு என்றால் விளிம்பின் உள்பாதி உருவத்தைத் தின்றுவிடும். பெரிய உருவத்தில் இது தெரியாது. எழுத்தில் தெரியும். கறுப்புப் பின்னணியிலும் வெள்ளைப் பின்னணியிலும் படிக்க வேண்டிய திரை வசனத்துக்கு வெள்ளை எழுத்தும் கறுப்பு விளிம்பும் தருவது வழக்கம். தமிழ் எழுத்துகளில் ண, ஞ, ஷ போன்றவற்றின் சுழிகளுக்குள் இடம் குறைவு. விளிம்பு உள்ளே பாய்ந்தால் சுழி அடைத்துக்கொண்டு எழுத்தே புரியாமல் போகும். ஆகவே முதலில் இரண்டு மடங்குத் தடிமனில் ஸ்ட்ரோக்டெக்ஸ்ட், அதன் மேல் ஃபில்டெக்ஸ்ட். உள்ளே பாய்ந்த பாதியில் எழுத்தின் மேல் விழுந்தது மறைந்துவிடும்; எழுத்தின் உருவம் முழுதாக நிற்கும். எஸ்விஜியில் பெயின்ட்-ஆர்டர் என்பதற்கு ஸ்ட்ரோக் என்று மதிப்புக் கொடுத்தால் அதே பயன். இரண்டிலும் மூட்டை ரவுண்ட் ஆக்குங்கள், இல்லையென்றால் எழுத்துகளின் கூர்மூலைகளில் முட்கள் முளைக்கும்.

தமிழுக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்று. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒவ்வொன்றாக வரையாதீர்கள். ‘கொ’ என்பது திரையில் மூன்று பகுதிகளாகத் தெரிந்தாலும், கணினி அதைக் ககரமும் ஒரு உயிர்க்குறியுமாக வைத்திருக்கிறது. பிரித்து வரைந்தால் குறி தனியாகப் புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும். முழுச் சொல்லையும் ஒரே கட்டளையில் கொடுங்கள்.

விளிம்பு முழுவதும் உருவத்துக்கு உள்ளேயே வேண்டுமா? அதே பாதையைக் கிளிப் செய்து, இரண்டு மடங்குத் தடிமனில் ஸ்ட்ரோக் செய்யுங்கள். வெளிப்பாதி வெட்டுப்படும்.

வரைபடங்களில் சாலைகள் இருபுறமும் மெல்லிய கருங்கோட்டோடு தெரிகின்றன அல்லவா? அங்கே யாரும் இரண்டு கரைகளைத் தனியே வரைவதில்லை. ஒரே பாதையை முதலில் 12 தடிமனில் அடர்நிறத்திலும் அதன் மேல் 8 தடிமனில் வெளிர்நிறத்திலும் வரைகிறார்கள். இரண்டு பக்கமும் 2 பிக்சல் கரை மிஞ்சும். சாலைச் சந்திப்புகள் திறந்திருக்க வேண்டுமானால் எல்லாச் சாலைகளின் அடர்நிறத்தையும் முதலில் வரைந்து முடித்த பிறகே வெளிர்நிறங்களைத் தொட வேண்டும். ஒவ்வொரு சாலையாக முடித்துக்கொண்டே போனால் ஒன்றின் மேல் ஒன்று பாலம்போல் ஏறும். மேம்பாலத்துக்கு அதுவே சரி.

ஏழாம் படி: பெரிதாக்கும்போது

கேன்வாஸில் அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக்கிவிட்டு ஒரு சதுரத்துக்கு விளிம்பு வரைந்தால், செங்குத்துக் கோடுகள் இரண்டு மடங்கு தடித்தும் கிடைக்கோடுகள் பழைய தடிமனிலும் வரும். பேனாவும் சேர்ந்து இழுபட்டுவிட்டது. புள்ளிகள் பாதையில் சேரும்போதே அப்போதைய அளவுமாற்றத்தைப் பெற்றுவிடுகின்றன. பேனா ஸ்ட்ரோக் நேரத்து அளவுமாற்றத்தைப் பெறுகிறது. ஆகவே பாதையை அளவுமாற்றத்தோடு அமைத்து, ஸ்ட்ரோக்குக்கு முன் ரீஸ்டோர் செய்துவிட்டால் தடிமன் எங்கும் ஒன்றாக இருக்கும். எஸ்விஜியில் வெக்டர்-எஃபெக்ட் என்பதற்கு நான்-ஸ்கேலிங்-ஸ்ட்ரோக் என்று கொடுங்கள்.

உலாவியில் முப்பரிமாணப் படங்கள் வரையும் வெப்ஜிஎல் பக்கம் போகிறவர்களுக்கு: அங்கேயும் கோட்டுத் தடிமன் கட்டளை உண்டு. ஆனால் பல கணினிகளில் அதன் உச்ச வரம்பே 1. தடித்த கோடு வேண்டுமானால் முக்கோணங்களைக் கொண்டு நீங்களே அந்தப் பரப்பைக் கட்ட வேண்டும். முனை, மூட்டு எல்லாம் கைவேலைதான்.

பழகிப் பார்க்க ஒரு சிக்குக் கோலம்

கோலத்துக்கும் கணினிக்கும் உறவு புதிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி இருவரும் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, கோலங்களை இலக்கண விதிகளாக விவரிக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974இலேயே வெளியிட்டார்கள். நாம் மூன்று புள்ளியில் தொடங்குவோம், எஸ்விஜியில்.

புள்ளிகளுக்கு மூன்று வட்டங்கள் தேவையில்லை. 40,60 முதல் 121,60 வரை ஒரு கோடு, தடிமன் 8, முனை ரவுண்ட், இடைவெளி வரிசை 0, 40. நீளமே இல்லாத துண்டுக்கு இரு பக்கமும் அரைவட்டம் சேர்ந்து முழுப் புள்ளியாகிவிடும். கோட்டைச் சரியாக 120இல் முடித்தால் கடைசிப் புள்ளி விடுபடக்கூடும், அதனால்தான் ஒரு அலகு கூடுதல்.

இனி இழை. 60,60இல் தொடங்கி, சி என்னும் வளைவுக் கட்டளையால் ஆறு வளைவுகள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு ஆயங்கள் வளைவைத் தம் பக்கம் இழுக்கும் கட்டுப்புள்ளிகள், மூன்றாவது சேருமிடம்:

70,35 — 90,35 — 100,60
110,85 — 140,80 — 140,60
140,40 — 110,35 — 100,60
90,85 — 70,85 — 60,60
50,35 — 20,40 — 20,60
20,80 — 50,85 — 60,60

இசட் போட்டு மூடுங்கள். ஒரே இழை மூன்று புள்ளிகளையும் சுற்றி, இரண்டு இடங்களில் தன்னையே வெட்டிக்கொண்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஃபில் வேண்டாம் என்று மறக்காமல் எழுதுங்கள். எஸ்விஜியில் எழுதாவிட்டால் உள்ளே கறுப்பு நிரம்பி, புள்ளிகள் மறையும்.

கோலம் கண்முன்னே வளர வேண்டுமானால் பாத்லெங்த் 100, இடைவெளி வரிசை 100, 110 என்று வைத்து, ஆஃப்செட்டை 105இலிருந்து 0 வரை மெதுவாக இறக்குங்கள். மறைந்திருந்த இழை தொடக்கப் புள்ளியிலிருந்து நீண்டுகொண்டே வரும். வரிசையிலும் ஆஃப்செட்டிலும் சரியாக 100 வைத்தாலும் கோலம் வளரும்தான், ஆனால் முனை ரவுண்டாக இருந்தால் வரையத் தொடங்கும் முன்பே 60,60இல் ஒரு பொட்டு சில உலாவிகளில் எட்டிப் பார்க்கும். நீளமில்லாத துண்டிலும் முனை இருக்கிறது என்று புள்ளிகளில் பார்த்தோமே, அதே முனைதான் அது.